வாக்குத்தத்த அட்டையில் வந்தது நடக்கவில்லை, இனி எப்படி நம்புவது?

கடைசி பெஞ்ச் கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எடுப்போமே, அந்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ கொடுப்பதாகச் சொல்கிற வசனம். பிரமோஷன்தான் என்று நானே முடிவு கட்டி, அட்டையை மானிட்டர் ஓரத்தில் செருகி வைத்திருந்தேன். ஏப்ரலில் வேலையே போய்விட்டது. கையில் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது, மனைவியின் பள்ளிக்கூடச் சம்பளம் பாலுக்கும் மளிகைக்கும்தான் சரியாக இருக்கிறது.

ஜெபக்குழுவில் சொன்னேன். ‘விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்’ என்றார் ஒரு பிரதர். மூன்று வெள்ளி உபவாசம் இருந்து ஆராய்ந்தேன், பசிதான் தெரிந்தது. ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று வளர்ந்தவன் நான், இப்போது குடும்ப ஜெபத்தில் வாயைத் திறந்தால் மனப்பாடம் ஒப்பிப்பது போலத்தான் வருகிறது. தேவனை நம்புவதை எங்கிருந்து கற்றுக்கொள்வது? ‘எல்லாம் நன்மைக்கே’ என்று மட்டும் எழுதாதீர்கள், நிறையக் கேட்டாகிவிட்டது.

பழைய வாத்தியார்:

தம்பி, அந்தப் பிரதர் சொன்னதை ஓரமாக வையுங்கள். வேதத்தை எடுத்து எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம், மேலே கீழே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அது ஒரு கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பியது. அவர்களுக்குப் போனது வேலை மட்டுமா, ஊரே போனது. அதில் 10-ஆம் வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? 70 வருஷம் நிறைவேறின பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது. கடிதம் வந்த அன்று 30 வயதிருந்தவன் அந்தக் கணக்குப்படி நூறைத் தொட வேண்டும்!

28-ஆம் அதிகாரத்தையும் விடாதீர்கள். அனனியா என்கிறவன் ஆலயத்தில் எல்லோர் முன்னாலும், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். எரேமியாவும் முதலில் ஆமென் என்றுதான் சொல்கிறார், அந்த ஆசை அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் அனனியா சொன்னது பொய், அந்த வருஷமே அவன் செத்தும் போனான். நம் ஜெபக்குழுக்களில் அனனியாக்கள் அதிகம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆறுதல் என்ற பெயரில் எத்தனையோ பேருக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

சரி, அந்த 70 வருஷமும் என்ன செய்யச் சொல்கிறது கடிதம்? வீடு கட்டு, தோட்டம் போடு, விளைந்ததைச் சாப்பிடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வை, நீ இருக்கிற அந்த அந்நியப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணு. மனதில் இப்படி இப்படித் தோன்ற வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு நியமன உத்தரவு வர ஒன்பது வருஷம் ஆனது. அதுவரை திண்ணையில் டியூஷன் எடுத்தேன், ராத்திரி ஜெபத்தில் பாதியிலேயே தூங்கிப்போவேன். நம்பிக்கையோடு இருந்தேனா என்று கேட்டால் தெரியாது, மறுநாள் காலையில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தேன்.

கடற்கரைச் சாலை:

நாங்கள் கத்தோலிக்கர். சார் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் திருவிவிலியத்தைப் புரட்டினேன், அதே இடத்தில் எதிர்காலம், நம்பிக்கை என்றுதான் இருக்கிறது. ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்று படித்தால், கேட்டது அப்படியே கிடைக்கும் என்று யாருக்கும் தோன்றும். அப்புறம் அந்த ‘நீங்கள்’, அது மரியாதைக்குச் சொன்னது இல்லை, ஒரு கூட்டத்துக்கே சொன்னது. நாம் அதை ஒரு ஆளுக்கு என்று எடுத்துக்கொள்கிறோம்.

செபம் வராத விஷயம் எனக்கும் நடந்தது, அம்மா இறந்த வருடம். சொந்தமாக எதுவும் சொல்லாதே, திருப்பாடல் 88-ஐச் சத்தமாக வாசி என்றார் பங்குத்தந்தை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும், இது இருட்டிலேயே முடியும். அதையும் செபம் என்றுதானே உள்ளே வைத்திருக்கிறார்கள். அன்னை தெரசாவே பல பத்தாண்டுகள் கடவுள் அருகில் இருப்பது தெரியாமல் செபித்திருக்கிறார், 2007-இல் புத்தகமாக வந்த அவருடைய கடிதங்களில் இருக்கிறது.

பேரன்77:

அட்டையை ரொம்பக் குறை சொல்ல வேண்டாம் சார். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருடம் ஒரு வசனம், எங்களை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துவிடுவார். அவர் கையில் இருந்த வேதம் அந்த அட்டைகள்தான்.

கடைசி பெஞ்ச்:

நேற்று இரவு இரண்டு அதிகாரத்தையும் வாசித்தோம். 70 என்றதும் மனைவி சிரித்துவிட்டார், வீட்டுக் கடன் 20 வருஷம்தானே என்று. உண்மையைச் சொன்னால், ஜெபக்குழுவில் நான்கு பேரைத் தவிர சபையில் யாருக்கும் விஷயம் தெரியாது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் ‘கிருபையால் போகிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஞாயிறு எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம், அந்த இரண்டு மாதச் சம்பளத்துக்குத் தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கு, உண்டா?

பழைய வாத்தியார்:

அதையும் ஐயரிடமே கேளுங்கள், எனக்கு அடி வாங்கித் தராதீர்கள். நீங்கள் டெஸ்டிங்கா, டெவலப்மெண்டா? என் மருமகன் அந்தத் துறையில்தான் இருக்கிறான், தனிச் செய்தியில் பயோடேட்டா அனுப்புங்கள். எப்போது கிடைக்கும் என்று மட்டும் தேதி கேட்காதீர்கள்.