புதுப்பிப்பு: அப்பாவுக்கு ரியூப் எடுத்தாச்சு

அப்பாவுக்குச் சலம் அடைச்சு, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில சலம் போக ரியூப் போட்டவை, ஒப்பரேசன் வேணுமோ எண்டு முதல் கேட்டிருந்தன். விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. ராம்சுலோசின் சில நாள் குடுத்திட்டு ரியூப்பை எடுத்தவை. அந்த மருந்து புரொஸ்ரேற்றையும் (ஆம்பிளையளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி, அது வீங்கினாச் சலம் அடைக்கும்) சலப்பைக் கழுத்தையும் சுத்தின தசையை இளக்கும். இப்ப தானாப் போறார். பெரிய நிம்மதி.

ஒப்பரேசன் இப்போதைக்கு இல்லை, பினாஸ்ரெறைட்டும் சேர்த்திருக்கினம். "ஏன் ரெண்டு மருந்து?" எண்டு மாமா கேட்டவர். நியாயமான கேள்விதான். 2003இல வெளிவந்த எம்ரொப்ஸ் (MTOPS) எண்ட ஆய்வில புரொஸ்ரேற் வீங்கின 3,047 ஆம்பிளையளைச் சராசரி நாலரை வருசம் பாத்தவை. டொக்சசோசினும் பினாஸ்ரெறைட்டும் சேத்து எடுத்தாக்களுக்கு, மருந்தில்லாத குளிசை எடுத்தாக்களைவிட வருத்தம் முத்திற ஆபத்து 66% குறைஞ்சுது; தனித்தனியா எடுத்தா 39, 34 வீதம்தான். ராம்சுலோசினும் டொக்சசோசின்ர வகைதான். ஆனா பினாஸ்ரெறைட் சுரப்பியைச் சுருக்க மாதக்கணக்கில எடுக்கும், இடையில நிப்பாட்டக்கூடாது.

இதைக் கட்டாயம் கவனியுங்கோ: பினாஸ்ரெறைட் ரத்தத்தில பி.எஸ்.ஏ (புரொஸ்ரேற் புற்றுநோயைச் சந்தேகிக்கப் பாக்கிற புரதம்) அளவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும். சோதிக்கேக்க டொக்டருக்குச் சொல்லாட்டிப் புற்றுநோய் கண்ணுக்குத் தப்பலாம். தடிமன் குளிசையளையும் கேளாமல் போடவேண்டாம், சிலது திரும்ப அடைக்கப் பண்ணும்.

அடுத்த கிளினிக்கில ஸ்கான். சலம் எவ்வளவு மிஞ்சி நிக்குது எண்டு பாத்திட்டுத்தான் மிச்சம் சொல்லுவினம்.