ஆல்பா 0.83 வந்தாச்சு, இன்னும் என்ன சரிபார்ப்பு?

லயத்துவாசி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் தண்ணீர் வடிகட்டி கட்டிக்கொடுக்கும் சுலாம் (சமூகச் சேவையோடு கற்கும்) பாடம். 60 பொறியியல் மாணவர்கள், 10 குழு. குழுவேலை, பேச்சுத்திறன், நெறி, மக்கள் தேவையறிதல் என்று நாலு திறனுக்கு, மாணவர்கள் தங்களையே மதிப்பிடும் 20 கேள்வி, ஐந்து புள்ளி அளவு. குரோன்பாக் ஆல்பா (கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.83. 0.7 தாண்டினால் போதும் என்பதுதானே வழக்கம்? தர அங்கீகாரக் கோப்பில் அப்படியே வைக்கலாம் என்பது என் கட்சி. மாதிரிக்கு 7ஆம் கேள்வி: "பிஹாக் பெர்கெபெந்திஙான் சொன்னதைக் கவனமாகக் கேட்டு, வடிவமைப்பை மாற்றினேன்." ('பிஹாக் பெர்கெபெந்திஙான்' என்றால் மலாயில் சம்பந்தப்பட்ட தரப்பினர்.)

மண்டோர்:
வைக்கக் கூடாது. கேள்விகளுக்குள் சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 இருந்தாலே, 20 கேள்விக்கு (20×0.2)÷(1+19×0.2) = 0.83 வந்துவிடும். கேள்வியை அடுக்கினால் ஆல்பா தானாக ஏறும். அதே 0.2-ஐ வைத்து ஒரு திறனின் 5 கேள்விக்கு மட்டும் போடுங்க: 0.56. நாலு திறனை ஒரே ஆல்பாவில் கொட்டினால் இது தெரியாது.

லயத்துவாசி:
அப்போ காரணிப் பகுப்பாய்வா (கேள்விகள் உண்மையில் எத்தனை திறனாகப் பிரிகின்றன என்று பார்ப்பது)? கேள்விக்கு 5 பேர் என்றாலும் 100 பேர் வேணும். அதுவும் ஒரே குழுவில் இருப்பவர்கள் பதில் ஒன்றுபோல்தான் வரும். 60 பேர் 60 தனி ஆள் ஆகாது.

மண்டோர்:
அதைத்தான் சொல்றேன். மூணு செமஸ்டர் சேர்த்து வைங்க. இடையில் ஒரு சொல்லை மாற்றினாலும் தரவைச் சேர்க்க முடியாது, அதனால் திருத்தம் எல்லாம் முதலிலேயே. லாஷே முறையில் (ஒவ்வொரு கேள்வியும் அவசியமா என்று நிபுணர்களைக் கேட்பது) 8 நிபுணர்களில் 7 பேராவது "அவசியம்" என்றால்தான் கேள்வி நிற்கும் (பாதிக்கு மேல் எத்தனை பேர் என்ற விகிதம்: (7−4)÷4 = 0.75). எட்டுப் பேரும் விரிவுரையாளர் என்றால் மக்கள் தேவைக் கேள்விகளை யார் பார்ப்பது? தோட்டத்து ஆள் ரெண்டு பேராவது வேணும்.

பிறகு ஐந்தாறு மாணவரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. உங்க 7ஆம் கேள்வி அங்கேதான் மாட்டும். 'பெந்திங்' (முக்கியம்) காதில் விழுந்ததும் ஒருவன் மேனேஜரை நினைப்பான், இன்னொருவன் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பத்தை. கேட்டான், ஆனால் மாற்றவில்லை என்றால் எதை டிக் பண்ணுவான்?

நீர்த்தொட்டி:
எல்லாம் சரி, ஆனால் மாணவன் தனக்கே போடும் மார்க்தானே இது! முதல் வாரம் குழுவேலைக்கு 5 போடுவான். பம்பு நின்று, தோட்டத்து ஆயா நாலு வார்த்தை கேட்ட பிறகு 3 போடுவான். திறன் குறையலை, அளவுகோல் மாறிப்போச்சு. முடிவில் 'அப்போது', 'இப்போது' ரெண்டையும் ஒன்றாகக் கேளுங்க.

மண்டோர்:
அதில் வேற வியாதி: முன்னேறியதாகக் காட்ட 'அப்போது' என்பதை வேணும்னே இறக்குவாங்க. ரெண்டு மதிப்பீட்டாளர் ஒரே ரூப்ரிக்கில் (மதிப்பெண் போடும் விதிப்பட்டியல்) தனித்தனியாக மதிப்பெண் போட்டு, எடையிட்ட கப்பா (இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) பாருங்க. படிவத்தை அதோடு ஒப்பிடலாம்.

லயத்துவாசி:
10 குழு, குழுவுக்கு 15 நிமிஷம், ரெண்டு பேர். ஐந்து மணி நேர உழைப்பை எந்த டிப்பார்ட்மென்ட் தரும்? 7ஐ ரெண்டாக வெட்டி, 'தோட்டத்துக் குடும்பங்கள்' என்றே எழுதிடுறேன். ரூப்ரிக்குக்கு 18 மாணவரை மட்டும் எடுக்கலாமா?

நீர்த்தொட்டி:
18 பேருக்குக் கப்பா ஆடும். எண்ணோடு நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) போடுங்க, இல்லாட்டி ஆல்பா கதைதான் திரும்ப.