1200 மி.மீ. கேன்ட்ரிக்கு பால் ஸ்க்ரூவா, ரேக்கா?

மரத்தூள்:
வீட்டிலேயே ஒரு சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்படி வெட்டும் இயந்திரம்) கட்டுகிறேன். கேன்ட்ரி (வெட்டும் தலையைத் தாங்கி மேஜைக்கு மேல் ஓடும் பாலம்) ஓட வேண்டிய நீளம் 1200 மி.மீ., அகலம் 800. ஸ்பிண்டிலோடு (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சேர்த்து கேன்ட்ரி 25 கிலோ வரும். வெட்டப்போவது பெரும்பாலும் ப்ளைவுட், எப்போதாவது அலுமினியத் தகடு. மோட்டார் நீமா 23 அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்). மேஜைக்கு அடியில், நடுவில் ஒரே ஒரு 1605 பால் ஸ்க்ரூ (சுழன்று கேன்ட்ரியை நகர்த்தும் திருகுத் தண்டு) போட்டு முடித்துவிடலாமா?

பினியன்:
வேண்டாம். 1605 என்றால் 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. 1200 ஓட வேண்டுமென்றால் பேரிங்குகளுக்கு இடையே 1350 ஆவது வரும். அந்த நீளத்தில் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து மறுமுனையைத் தாங்க மட்டும் விட்டால், சுமார் 1080 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பாதுகாப்பான எல்லை. அதைத் தாண்டினால் ஸ்க்ரூ சாட்டை போலத் துள்ள ஆரம்பிக்கும். ஆக, நிமிடத்துக்கு 5.4 மீட்டர்தான் கிடைக்கும்.

ப்ளைவுட்டுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். இரண்டு வெட்டுமுனை உள்ள பிட், 18,000 ஆர்பிஎம், ஒரு முனைக்கு 0.2 மி.மீ. சீவல் என்றால் ஃபீட் (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 7.2 மீட்டர். அதைவிட ரொம்ப மெதுவாக ஓட்டினால் பிட் சீவாது, தேய்க்கும். மரம் கருகும், பிட்டின் கூர்மையும் போகும்.

ரேக் (நேரான பல் பட்டை) போடுங்கள். மாட்யூல் 1 (பல்லின் அளவு), 20 பல் பினியன் (ரேக்கில் உருளும் பல்சக்கரம்), 4-க்கு 1 பெல்ட் குறைப்பு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 15.7 மி.மீ. நகரும். 600 ஆர்பிஎம்மிலேயே 9.4 மீட்டர் வந்துவிடும். ஸ்டெப்பரின் டார்க் (சுழற்றும் வலு) வேகம் கூடக்கூட இறங்கும் என்பதால், மெதுவாகச் சுற்றி வேகமாக நகர்வது பெரிய லாபம்.

மைக்ரான்:
வேகம்தான் பிரச்சினை என்றால் 1610 போடலாமே? அதே விட்டம், சுற்றுக்கு 10 மி.மீ. உங்கள் 1080 ஆர்பிஎம்மிலேயே 10.8 மீட்டர் ஆகிவிடுகிறது. 5 மி.மீ. லீடை (சுற்றுக்கு நகரும் தூரம்) வைத்துப் பால் ஸ்க்ரூவையே ஒதுக்குவது நியாயமில்லை.

அப்புறம், ஒரு முழு ஸ்டெப்புக்கு (மோட்டார் சுற்றில் 200-ல் ஒரு பங்கு) உங்கள் ரேக் 0.08 மி.மீ. நகரும், 1610 என்றால் 0.05. மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) போட்டு இரண்டையும் சமமாக்கலாம் என்பார்கள். மைக்ரோஸ்டெப் ஓட்டத்தை மென்மையாக்கும், அவ்வளவுதான். வெட்டு விசை தள்ளும்போது அந்த இடைநிலைகளில் ரோட்டார் இம்மியும் அசையாமல் நிற்காது.

ரேக் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையே உள்ள தளர்வுதான் பெரிய தலைவலி. அலுமினியத்தில் ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சு திசை மாறும் இடங்களில் சின்னப் படி தட்டுப்படும். அதுதான் பேக்லாஷ்.

பினியன்:
பினியனை அசையாமல் பொருத்தினால் அப்படித்தான் ஆகும். மோட்டார் தட்டைக் கீலில் மாட்டி, ஸ்பிரிங்கால் பினியனை ரேக்கில் அழுத்த வேண்டும். 20 டிகிரி பல் என்றால் இயக்கு விசையில் 36 சதவீதம் பினியனை வெளியே தள்ளப் பார்க்கும். 200 நியூட்டன் விசைக்கு 73 நியூட்டன் ஆகிறது. ஸ்பிரிங் அழுத்தம் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். ரேக்கின் பல் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தால் தூளும் தங்காது.

இருபுறம்:
இருவரும் கேள்வியின் முக்கியமான பாதியை விட்டுவிட்டீர்கள். நடுவில் ஒற்றை ஸ்க்ரூ என்கிறாரே! கேன்ட்ரியின் ஓரத்தில், நடுவிலிருந்து 400 மி.மீ. தள்ளி 150 நியூட்டன் விசையோடு வெட்டினால், கேன்ட்ரியைத் திருக 60 நியூட்டன் மீட்டர் வருகிறது. கேன்ட்ரி ஓடும் வழிகாட்டித் தண்டு (ரயில்) ஒன்றில், அதன்மேல் வழுக்கும் இரண்டு பிளாக்குகளுக்கு இடையே 200 மி.மீ. என்றால், அங்கே விடும் ஒவ்வொரு நெகிழ்வும் வெட்டும் இடத்தில் இரண்டு மடங்காகத் தெரியும். ரேக்கோ ஸ்க்ரூவோ, இரண்டு பக்கமும் இயக்கம் வேண்டும்.

மரத்தூள்:
இரண்டு மோட்டாரில் ஒன்று மட்டும் ஸ்டெப் தவறினால்? கேன்ட்ரி எடையையும் குறைக்க வேண்டுமா?

மைக்ரான்:
எடையைப் பற்றி முதலில் சொல்கிறேன், இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 5 மி.மீ. லீடில் 25 கிலோ கேன்ட்ரி மோட்டார் தண்டில் சுமத்தும் நிலைமம் (சுழலும் வேகத்தை மாற்ற எதிர்க்கும் அளவு) 0.16 கிலோ-செ.மீ². 1350 நீள ஸ்க்ரூவின் சொந்த நிலைமமோ 0.68. 10 மி.மீ. லீடில்கூட கேன்ட்ரியின் பங்கு 0.63-தான், இரண்டு பக்கம் போட்டால் அதிலும் பாதி. ஆகவே கேன்ட்ரியை இளைக்க வைத்து முடுக்கத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. கனமாக, விறைப்பாகக் கட்டுங்கள்.

பினியன்:
ஸ்க்ரூ தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே மோட்டாரைத் தின்கிறது என்பதற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

மைக்ரான்:
உங்கள் ரேக் அமைப்பில் அதே 25 கிலோவின் நிலைமம் 1.56 ஆகிறது. இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 0.78. என்னுடையது ஸ்க்ரூவையும் சேர்த்து பக்கத்துக்கு 1.0. பெல்ட் புல்லிகளையும் கூட்டினால் உங்களுடையதும் அங்கேதான் வந்து நிற்கும்.

இருபுறம்:
ஸ்டெப் தவறுவது பற்றி: இரண்டு டிரைவர் (மோட்டாரை இயக்கும் மின்சுற்று), இரண்டு ஹோமிங் சுவிட்ச் (தொடக்க இடத்தைக் காட்டும் சுவிட்ச்), ஒவ்வொரு பக்கமும் தன் சுவிட்ச்சைத் தொட்டு நிற்கும்படி கன்ட்ரோலரில் அமையுங்கள். க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர் (தன் நிலையைத் தானே சரிபார்க்கும் வகை) என்றால் ஒரு டிரைவரின் அலாரம் இரண்டு மோட்டாரையும் நிறுத்தும்படி வயர் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் இழுத்துக் கேன்ட்ரியை முறுக்கிவிடும். சதுரம் (கேன்ட்ரி கோணலாகாமல் செங்கோணத்தில் நிற்பது) பார்க்க, மேஜையின் நான்கு மூலையிலும் சின்னத் துளை போட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாகும்வரை ஒரு பக்கச் சுவிட்ச்சை நகர்த்துங்கள்.

இந்த வயரிங் எல்லாம் வேண்டாமென்றால், ஒரே மோட்டாரால் இரண்டு ஸ்க்ரூவையும் டைமிங் பெல்ட்டில் இணைக்கலாம். மின்சாரம் போனாலும் சதுரம் கலையாது. ஆனால் அந்த ஒரு மோட்டார் மொத்தச் சுமையையும் இழுக்க வேண்டும்.

மரத்தூள்:
சரி, இருபுறமும் 1610, தனித்தனி மோட்டார். இசட் அச்சுக்கு (ஸ்பிண்டில் மேலும் கீழும் நகர) 1605.

மைக்ரான்:
நல்லது. இசட்டுக்கு பிரேக் உள்ள மோட்டார் பாருங்கள். பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது, மின்சாரம் போனால் கனமான ஸ்பிண்டில் இறங்கிவிடும்.

பினியன்:
வாங்கும்முன் ஒன்று. பின்னால் 2400-க்கு நீட்டும் எண்ணம் இருந்தால் 1610 வேண்டாம். பேரிங்குகளுக்கு இடையே 2500 ஆனால் எல்லை சுமார் 310 ஆர்பிஎம், வேகம் 3.1 மீட்டர்தான். ரேக் என்றால் இன்னொரு துண்டு சேர்த்தால் போதும்.

மரத்தூள்:
நீட்டப் போவதில்லை. 1200-தான்.