பாலைவனப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: மரம் சீவப் போகும் நேரத்துக்குக் கிளம்புங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். அவர் மகன் வேலை கிடைத்து அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸுக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகிறது. பள்ளி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து மாநிலமான யூட்டா வரைக்கும் காரில் போகப் போகிறானாம். "என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்னு நீ சொல்லும்மா" என்றார். அரிசோனாவில் ஒன்பது வருடம் இருந்தவள் நான். என் பிள்ளைகள் இருவரும் நடை பழகியது அங்கேதான். இந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டார எஸ்டேட்டுகளிலிருந்தும் அந்தப் பக்கம் போயிருக்கும் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நமக்கு வெயில் தெரியும், வறண்ட வெயில் தெரியாது. இங்கே 33 டிகிரியில் பத்து நிமிடம் நடந்தால் கழுத்தெல்லாம் வழிகிறது, உடனே தண்ணீரைத் தேடுகிறோம். அங்கே 40 டிகிரியில் நிற்பீர்கள், சட்டை காய்ந்தே இருக்கும். வியர்க்காமல் இல்லை, வியர்த்ததும் காற்று உறிஞ்சிவிடுகிறது. சாயங்காலம் நெற்றியைத் தடவினால் கையில் உப்புத்தான் வரும். "வியர்க்கவே இல்லை, அதனால் பரவாயில்லை" என்று நம் ஊர்க்காரர்கள் நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. ஜூலை மாதம். எங்களைப் பார்க்க அம்மா வந்திருந்தார். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் விண்டோஸ் என்று ஓர் இடம் உண்டு, பெரிய கல் வளைவுகள் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னல் மாதிரி நிற்கும். சுற்றி வர ஒரு மைல்தான். ஒரு மைல்தானே என்று நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டுப் பத்தரை மணிக்கு மேல் போய் இறங்கினோம். ஓடிக்கொண்டே இருந்த மகள் திரும்பும் வழியில் பேச்சை நிறுத்திவிட்டாள். அழவில்லை, தூக்கச் சொல்லவில்லை. சமர்த்தாக நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாதான் நின்று அவள் உதட்டைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், என்னைத் திரும்பிப் பார்த்து, "புள்ள ஒண்ணுக்குப் போயி எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், காலை ஆறு மணிக்கு எழுந்தபோது போனதுதான்.

தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினோம். ஏசியைப் போட்டோம். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணியை வைத்தோம். ஓஆர்எஸ் பொடி கலந்த தண்ணீரைப் பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி அம்மா கொடுத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து "பாட்டி, பசிக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்களுக்கு அதோடு போயிற்று. பிள்ளை வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் துவண்டாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள்; அங்கத்து அவசர எண் 911-ஐ உடனே கூப்பிடுங்கள்.

அம்மா இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் எஸ்டேட்டில் மரம் சீவியவர். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்கிவிடுவார். அன்றைக்கு ராத்திரி ஹோட்டல் அறையில் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "வெயில் ஏறினா மரத்துல பால் ஓடாது. மரமே மூடிக்கிற நேரத்துல புள்ளைங்கள நடக்க விடுறீங்களே." அவர் சொன்னது உண்மை. வெயில் ஏற ஏற மரம் இலை வழியாகத் தண்ணீரை இழக்கிறது, பாலை வெளியே தள்ளும் அழுத்தம் குறைகிறது. அதனால்தான் எஸ்டேட்டில் விடியும் முன்பே வேலை தொடங்கும். மறுநாள் முதல் எங்கள் பயணம் அம்மாவின் நேரத்துக்கு மாறியது. நாலரைக்கு எழுந்து, பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கார் சீட்டில் வைத்துக் கட்டி, விடியும்போது நடைபாதைத் தொடக்கத்தில் இருப்போம். ஒன்பதரைக்குள் நடை முடிந்துவிடும். நடுப்பகலில் அறையில் தூக்கம். சாயங்காலம் ஆறுக்கு மேல் மறுபடி வெளியே. கார் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைத்தது என்பது கூடுதல் லாபம். அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய்விட்டோம், இந்த நேரத்தை மாற்றவே இல்லை.

முடிந்தால் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். மார்ச், ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர். டெத் வேலியைக் கோடையில் நினைக்கவே வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம் அது.

தண்ணீர்க் கணக்கு: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு பெரிய கேனைக் காரிலேயே போட்டு வையுங்கள். ஜோஷுவா ட்ரீ மாதிரி இடங்களில் பூங்காவின் ஓரத்தில்தான் குழாய் இருக்கும், உள்ளே போய்விட்டால் கிடையாது. பிள்ளைகளிடம் "தாகமா?" என்று கேட்காதீர்கள், விளையாட்டில் இருக்கும் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்களே நீட்டுங்கள். எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போனது, என்ன நிறம் என்று கவனியுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. நான் போனில் குறித்தே வைப்பேன்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான், உடம்பில் உப்பு குறைந்துவிடும். கிராண்ட் கேன்யனில் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்களே உப்புத் தீனி தின்னச் சொல்வார்கள். இதற்கு முறுக்கும், ஈப்போ புந்தோங்கில் வாங்கும் கச்சாங் பூத்தே என்ற கடலைத் தீனியும் போதும். ஆனால் ஒன்று, சின்னப் பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அந்தப் பிள்ளைக்கு முறுக்கை உடைத்துக் கொடுங்கள்.

வழியைப் பற்றி அக்கா மகன் கேட்டிருந்தான். தம்பி, யூட்டாவின் ஐந்து பூங்காக்களையும் ஒரே வாரத்தில் முடிக்கும் திட்டத்தைக் கைவிட்டுவிடு. சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று போனால் பிள்ளைகள் பார்ப்பது கார் சீட்டின் முதுகைத்தான். முதல் பயணம் பக்கத்திலேயே இருக்கட்டும். பீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் தென் விளிம்பு மூன்றரை மணி நேரம். அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு, பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் வழியாக வீடு திரும்பலாம். கேன்யனில் விளிம்பு ஓரமாகவே தார் போட்ட பாதை இருக்கிறது, ஸ்ட்ரோலர் போகும். ஆனால் எல்லா இடத்திலும் கம்பித் தடுப்பு கிடையாது, கையை விடாதீர்கள். கீழே இறங்கும் பாதையில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமே என்று ஆசை வரும். இறங்குவது சுலபம், ஏறுவது வெயிலில். கீழே போகப் போகச் சூடும் கூடும். பிள்ளைகளோடு வேண்டாம்.

குளிரையும் மறந்துவிடாதீர்கள். கேன்யனின் தென் விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம், நம் கெந்திங் மலையைவிட மேலே. பிரைஸ் விளிம்பு 2,400 மீட்டருக்கும் அதிகம், நம் குனோங் தாஹான் மலையே 2,187 மீட்டர்தான். அக்டோபர் விடியலில் பிரைஸில் கார் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். பாலைவனம் என்று பருத்திச் சட்டையோடு போன ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு எங்கள் போர்வையைக் கொடுத்திருக்கிறோம்.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கத்து மழைக்காலம். இதை நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கெப்பாலா ஆயர். அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது மலைமேல் எங்கோ பெய்த மழை திடீரென்று வந்து இறங்குமே, அதேதான். அங்கே மண் தண்ணீரை உறிஞ்சாது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகலான பாறை இடுக்கில் வெள்ளமாக வரும். 1997 ஆகஸ்டில் ஆன்டலோப் கேன்யனில் அப்படித்தான் 11 பேர் இறந்தார்கள். சயானில் ஆற்றுக்குள் நடக்கும் நாரோஸ் பக்கம் போகும் முன், அன்றைய வெள்ள எச்சரிக்கையை விசிட்டர் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

அப்புறம் சாலை. வலது பக்கம் ஓட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிடும், தூரம்தான் பழகாது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் எத்தனை ஓய்விடம் இருக்கிறது! யூட்டாவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் நிலையம் கிடையாது. பாதி டாங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள். போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். குறுக்கு வழி என்று போன் காட்டும் மண் சாலைக்குள் திரும்பாதீர்கள். கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்காதீர்கள், தேடி வருகிறவர்களுக்குக் கார்தான் கண்ணில் படும். பிள்ளைகளை ஒரு நிமிடம்கூடக் காரில் பூட்டி வைக்கக் கூடாது, பத்தே நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி ஏறிவிடும். அரிசோனாவில் 8 வயதுக்குள் இருக்கும், 4 அடி 9 அங்குலத்தைத் தாண்டாத பிள்ளைக்குக் குழந்தைகளுக்கான கார் சீட் கட்டாயம். நிறுத்தி வைத்த காரில் அந்தச் சீட்டின் இரும்புக் கொக்கி அடுப்புக் கரண்டி மாதிரி சுடும், மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கட்டணத்துக்கு வருடப் பாஸ் எடுத்துவிடுங்கள். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்கிறவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். அங்கே வசிப்பதற்கான அரசு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அதனால் மாநில ஓட்டுநர் உரிமத்தை முதலில் எடுங்கள். மான்யுமென்ட் வேலியும் ஆன்டலோப் கேன்யனும் நவஹோ மக்களின் நிலம். இந்தப் பாஸ் அங்கே செல்லாது, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்து அவர்கள் விதிப்படி நடக்க வேண்டும். கோடையில் நவஹோ நிலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அரிசோனாவின் மற்ற இடங்களில் ஓடாது. எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஜூனியர் ரேஞ்சர் புத்தகம். விசிட்டர் சென்டரில் இலவசமாகக் கொடுப்பார்கள். படம் வரைந்து, கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுத்தால் ரேஞ்சர் கையைத் தூக்கச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்து ஒரு பேட்ஜ் தருவார். என் மகள் முதல் பேட்ஜை வாங்கியது பெட்ரிஃபைட் ஃபாரஸ்டில். 20 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகி, உடைந்து உருண்டு கிடக்கும் இடம். குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் மின்னும், ஓரம் பார்க்க அப்படியே மரப்பட்டை மாதிரி இருக்கும். அம்மா குனிந்து அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து சாய்வாகத் தடவினார், சீவுகத்தி போகும் அதே சாய்வில். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். எடுத்துப் போனவர்கள் மனம் கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிய கற்களே அங்கே ஒரு குவியலாகக் கிடக்கின்றன. மகள் சட்டைப் பையைத் தானாகவே திருப்பிக் காட்டினாள்.

இரண்டு சின்ன விஷயம் விட்டுப்போனது. வறண்ட காற்றில் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், பயப்படாதீர்கள். தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிய வைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரு சீப்பு. சோயா (cholla) என்று ஒரு கள்ளி இருக்கிறது, லேசாக உரசினாலே முள் உருண்டை பிய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அடுத்து உங்கள் விரலில் ஏறும். சீப்பை உள்ளே கொடுத்து ஒரே சுண்டில் எடுத்துவிட வேண்டும்.

அக்கா நாளைக்கு ஈப்போ போகிறார், புந்தோங்கில் இறங்கி உனக்குக் கச்சாங் பூத்தே வாங்கி அனுப்புவார். காரம் போடாததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். கிளம்பும் தேதி முடிவானதும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு, தம்பி.