ஆற்றில் நீர் குறையும்போது மாடல் காட்டும் ஆழம் தப்பாக வருகிறது, உதவி தேவை

கோடையில் நீர் குறையும்போது மீன்களுக்கு எவ்வளவு வாழிடம் மிஞ்சும் என்று ஹெக்-ராஸ் (HEC-RAS, ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) இருபரிமாண மாடலில் கணக்கிடுகிறேன். கூழாங்கல் ஆறு, மடுவும் ஆழமற்ற ஓட்டமும் மாறிமாறி வரும். மடுக்களில் ஆழம் சரியாக வருகிறது. ஆழமற்ற ஓட்டத்தில்தான் சிக்கல். நேரில் அளந்தால் 12 செ.மீ. தண்ணீர், கல்லிடுக்கில் மீன்குஞ்சுகள் ஒதுங்கி நிற்கின்றன. மாடல் 4 செ.மீ. என்கிறது, சில இடங்களைக் காய்ந்த தரையாகவே காட்டுகிறது. குஞ்சுகளுக்கு அந்த இடம்தான் முக்கியம், அதனால் அப்படியே விட மனமில்லை.

வெள்ளக் காலத்தில் பொருந்திய மேனிங் மதிப்பு (ஆற்றுப் படுகையின் உராய்வைக் குறிக்கும் எண்) 0.035. நீர் ஆழம் கல்லின் உயரத்துக்கே இறங்கினால் உராய்வு கூடுமே என்று 0.07 வரை ஏற்றிப் பார்த்தேன். ஆழம் ஓரளவு ஏறியது, ஆனால் மேலே உள்ள மடுவின் நீர்மட்டமும் சேர்ந்து ஏறிவிட்டது. மாடல் ஆற்றைப் பிரிக்கும் கட்டங்களின் அளவை 2 மீட்டரிலிருந்து 0.5 ஆக்கினேன், பெரிய மாற்றமில்லை. ட்ரோன் படத்தில் ஒளிவிலகலால் ஆற்றின் அடித்தளம் இருப்பதைவிட மேலே தெரியும் என்பதால் தோற்ற ஆழத்தை 1.34-ஆல் பெருக்கியும் திருத்தினேன். அப்புறம் நீரோட்டத்தையும் மறுபடி அளந்தாயிற்று, அது சரியாகவே இருக்கிறது.

மடுவின் நீர்மட்டம் கெடாமல், ஆழமற்ற ஓட்டத்தின் ஆழத்தை மட்டும் அளவீட்டோடு பொருத்த எதை மாற்ற வேண்டும்?