பனிச்சறுக்கு: நெல்லைக்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

பாளையங்கோட்டை வாசகி:
காஷ்மீரின் குல்மார்க்கில் பிப்ரவரி மாதம் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பைக் குளிர்தான் வாட்டும் என்று நினைத்துப் போனேன். படுத்தி எடுத்ததோ பூட்ஸ்! கணுக்காலை அசைய விடாத கெட்டிப் பிளாஸ்டிக். முழங்காலை மடக்கி, பூட்ஸின் முன்பக்கத்தில் கால் அழுந்தும்படி சாய்ந்தே நிற்க வேண்டும். சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்வாங்கும். அப்படிப் பின்வாங்கினால் பூட்ஸில் மாட்டிய சறுக்குப் பலகையின் முன்பகுதி பிடியை இழந்துவிடும். நினைத்த பக்கம் திரும்பாது.

முதல் பாடம் ஓடுவதல்ல, நிற்பது. இரண்டு பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகட்டி, உள்விளிம்புகளைப் பனியில் பதித்தால் வேகம் குறையும். அதே நிலையில் வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பலாம். கையிலுள்ள கோலை ஊன்றி நிறுத்திவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். குல்மார்க்கின் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்துக்குக் கொண்டுபோகும். புதியவர்களுக்கு அங்கே வேலையில்லை. பனிச்சரிவு அபாயமுள்ள மலை அது.

வள்ளியூர், முன்னாள் ராணுவம்:
தங்கை சொல்வது ஆல்பைன் வகை. அதில் குதிகால் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும்; இறங்க மட்டும்தான் அது. நாங்கள் பயின்றதில் குதிகால் எழும்பும், அதனால் நடக்கலாம், ஏறலாம். ஏற்றத்தில் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவோம். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அந்தக் காலத்தில் கடல்நாய்த் தோல், இப்போது நைலான். உச்சியில் அதை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டி இறங்குவோம். பூட்டாமலே, ஒரு முழங்காலைத் தாழ்த்தித் திரும்புகிறவர்களும் உண்டு. நார்வேயின் டெலிமார்க் பகுதியில் பிறந்த முறை அது. சமவெளியில் நெடுந்தூரம் ஓடுவதற்கான பலகை ஒல்லியானது, எடை குறைவு. மூச்சு வாங்குவதில் அதற்கு ஈடில்லை. அதனோடு துப்பாக்கி சுடுதலும் சேர்ந்தால் பயத்லான்: இரைக்க இரைக்க ஓடிவந்து, குறி தவறாமல் சுட வேண்டும். 1924-இல் பிரான்ஸின் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சறுக்கைப் பொறுத்தவரை, நெடுந்தூர ஓட்டம் போன்ற நார்டிக் வகைகள்தான் (குதிகால் எழும்பும் வகைகள்) இருந்தன. ஆல்பைன் 1936-இல்தான் நுழைந்தது. இன்று விளம்பரமெல்லாம் அதற்கே!

திசையன்விளைக்காரன்:
அண்ணாச்சி, எங்கள் ஊர்த் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், சறுக்கிப் பார்க்கலாமா?

வள்ளியூர், முன்னாள் ராணுவம்:
தம்பி, உராய்வில் பனி லேசாக உருகும்; அந்த மெல்லிய நீர்ப்படலம் பலகையை வழுக்க உதவும். மணல் உருகாது. நமீபியாவில் மணற்குன்றில் சறுக்குகிறார்கள், ஆனால் அவை செங்குத்தானவை. தேரியின் சரிவு போதாது.

பாளையங்கோட்டை வாசகி:
போகிறவர்களுக்கு ஒன்று. பலகையை வாடகைக்கு எடுக்கும்போது எடையைக் கேட்பார்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதையும் வைத்துத்தான் திருகி அமைக்கிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால், பலகை நடுச்சரிவிலேயே கழன்றுவிடும்.