அப்டேட்: சுவர் இடுக்குல முளைச்ச செடி யாருன்னு தெரிஞ்சிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, லண்டன்ல எங்க வீட்டு பின்பக்க சுவர் இடுக்குல செவப்புத் தண்டு, அஞ்சு இதழ்ல குட்டி ரோஸ் பூ, என்ன செடின்னு? ஹெர்ப் ராபர்ட்னு சொன்னவங்கதான் கரெக்ட். இலைய கசக்கிப் பாருன்னீங்க, கசக்கினேன், எரிஞ்ச டயர் நாத்தம், ரெண்டு தடவ சோப்பு போட்டும் விரல விட்டுப் போகல. அமெரிக்காவுல ஸ்டிங்கி பாப்னே பேராம், வாஷிங்டன் மாநிலத்துல களைப் பட்டியல்ல வேற இருக்கு.

ராபர்ட் யாருன்னா, ஒரு துறவின்னு சிலர், லத்தீன்ல செவப்புக்கு ரூபர், அது திரிஞ்சு வந்ததுன்னு சிலர். தண்டைப் பாத்தா எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. இந்தச் செடி ஜெரேனியம் வகை; ஜெரேனியம்ங்கறது கிரேக்கத்துல நாரைக்கு உள்ள பேருலேர்ந்து வந்தது, காயப் பாத்தா அச்சு அசல் நாரை மூக்கு, அது வெடிச்சு விதை தெறிச்சுதான் பக்கத்துல புதினா தொட்டிக்குள்ளயும் முளைச்சிருக்கு போல.

கடையில விக்கிற ஜெரேனியம் வேறயான்னு கேட்டவருக்கு: ஆமா, அது பெலர்கோனியம்ங்கற வேற வகை, 1789லயே தனியா பிரிச்சாச்சு, கடைக்காரங்கதான் பேர இன்னும் மாத்தல.

ஹெர்ப் ராபர்ட்டுக்கு இன்னொரு பேரு டெத் கம் குவிக்லி, அதாவது 'சாவே சீக்கிரம் வா'ன்னு அம்மாகிட்ட உளறிட்டேன், உடனே புடுங்கிப் போடுடான்னுட்டாங்க. ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டு வெச்சிருக்கேன்.